இருபத்திரண்டு பாகை

கைப்பேசி சொல்கிறது: இருபத்திரண்டு பாகை.
கொழும்புக்கு இதுதான் குளிர்காலம்.
அத்துருகிரிய பஸ்ஸின் கொண்டக்டர்
காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருக்கிறார்.
மிச்சக் காசு தர மட்டும்
அக்குளிலிருந்து கையை எடுக்கிறார்.

கொஸ்வத்தையில் இறங்கினேன். ஆறு ஐந்து.
வழமையாக இந்த இடத்தில்
மல்காந்தி தன் சப்பாத்துக் கயிற்றை
இரண்டாம் தரம் கட்டுவாள்.
சும்மா நின்றேன்,
அவள் கட்டி முடிக்கும் அளவு நேரம்.

வாய்க்கால் ஓரமாகப் பாதை.
ஒரு பக்கம் புது மதில்கள்.
'நாய் கவனம்' என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறது.
நாய்கள் எல்லா மொழியிலும் தூங்குகின்றன.
மறுபக்கம் வயல். வயலின் மேல்
முழங்கால் உயரத்துக்குப் பனி.

முழங்கால் என்றதும் அவள்:
கந்தோர்ப் படியில் வழுக்கிய புதன்கிழமை,
களுபோவில, பதினோராம் வார்டு,
எலும்புக்குள் ஓர் இரும்பாணி.
"இனி எயார்போர்ட்டில் மெஷின் என்னைக் கண்டு கத்தும்" என்றாள்,
போவதற்கு ஓர் ஊரும் இல்லாதவள்.

இலைக்கஞ்சிக்காரர் இரண்டு கோப்பை ஊற்றிவிட்டார்.
கைப்பழக்கம்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டையும் குடித்தேன்,
இரண்டு துண்டுக் கருப்பட்டியும் கடித்தேன்.
இரண்டாவது கோப்பையில் வல்லாரை கொஞ்சம் கசந்தது.

அணைக்கட்டில் ஒரு கபரகொய்யா
வெயிலுக்காகக் கிடந்தது,
வங்கி திறக்குமுன் வந்து வரிசையில் நிற்கும்
பென்சன்காரரைப் போல.
நான் கடந்து போவதற்கு
ஒரு கண்ணை மட்டும் செலவழித்தது.

பிறகு, மதில்கள் முடிகிற இடத்தில்,
யாரும் அறிவிக்காமல்,
குளம்.

நாங்கள் எண்ணுகிறவர்கள்.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
அவள் சிங்களத்தில் எழுதுவாள், நான் தமிழில் கூட்டுவேன்.
கணக்கு இதுவரை பிழைத்ததில்லை.
பெயர்கள்தான் நாங்களே வைத்தவை.
ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைக்கிற
ஊதாக்கோழி, எக்கவுண்டன்ட்.
பட்டமரத்தில் சிறகை விரித்தபடி
இறங்காமல் இருக்கிற நீர்க்காகம், லோன் கேட்டு வந்தவர்.
வடக்கே எங்கோ உறைபனிக்குத் தப்பி
தை பிறந்தால் அதே கம்பத்தில் வந்து குந்தும்
மண்ணிறச் சின்னனுக்கு மட்டும்
இன்னும் பெயர் வைக்கவில்லை.
போன வருடத்துக் குருவிதான் என்பாள் அவள்.
நான் சந்தேகப்படுவேன்.
அதற்குள் விசா முடிந்து அது போய்விடும்.

இன்றைக்கு,
எக்கவுண்டன்ட் பதினேழு.
லோன்காரர் நால்வர்.
கம்பத்தில், ஆம், ஒன்று.

போன் அடித்தது.
"எத்தனை?"
சொன்னேன்.
"கம்பத்தில்?"
அதையும் சொன்னேன்.
"அதே ஆள்தான்" என்றாள்.
நான் இம்முறை சந்தேகப்படவில்லை.
"குளத்தைக் காட்டு."
அவளுடையது படம் காட்டாத பழைய போன்.
"அப்படியென்றால் கேட்கவை."

கையை நீட்டி
தண்ணீருக்கு மேலே பிடித்தேன்.
காற்றில்லை.
பதினேழு எக்கவுண்டன்ட்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.
தாமரை இலையில் ஒரு துளி உருண்டு,
விளிம்புவரை வந்து,
விழாமல் நின்றது.
அந்த முனையிலிருந்து
ட்ரொலிச் சக்கரம், யாருடையதோ இருமல்,
தாதி ஒருத்தி கட்டில் இலக்கம் கூப்பிடும் குரல்,
எல்லாம் என் விரலிடுக்கால்
குளத்தில் விழுந்துகொண்டிருந்தன.

"ஹலோ? ஹலோ?
கட் ஆகிவிட்டதா?"

"இல்லை" என்றேன். "அதுதான்."

அவள் வைக்கவில்லை.
நானும் கையை எடுக்கவில்லை.
மூன்று நிமிடம் நாற்பது விநாடி
என்று பிறகு பார்த்தேன்.
வலக்கை நோக, இடக்கைக்கு மாற்றியது
ஒரு தரமா இரண்டு தரமா,
நினைவில்லை.

திரும்பும்போது
கபரகொய்யா கிடந்த இடத்தில் வெயில் கிடந்தது.
பில்லில் கூட்டுத்தொகை போட மறந்திருந்தேன்.
பஸ்ஸில் வேறு கொண்டக்டர்,
தொப்பி இல்லை, கழுத்தில் லேஞ்சி.
இருபத்தேழு பாகை.
எட்டு மணிக்குள்
முடிந்துபோயிற்று குளிர்காலம்.